டம்ளருக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது? காரணம், விளைவு சொல்லிக்கொடுக்க ஒரு வழி

கடலூரில் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். "ஏன்?" என்று கேட்டால் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ள வரியை ஒப்பிப்பார்கள், நாமும் சரி என்று உட்காரச் சொல்லிவிடுவோம். "அது தப்பாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அங்கேதான் யோசனை ஆரம்பிக்கிறது.

முதல் பாடத்துக்கு ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும். ஒன்றில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு ஐஸ் தண்ணீர், இரண்டும் ஒரே மேசையில். நம் ஊர் கடல் காற்றுக்குக் கொஞ்ச நேரத்திலேயே ஐஸ் டம்ளர் வெளியே வியர்த்துவிடும். "உள்ளே இருந்து கசியுது டீச்சர்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உடனே திருத்தாதீர்கள், அதைப் பலகையில் எழுதிவிட்டு, அது உண்மையென்றால் வேறு என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். பக்கத்து டம்ளரும் கசிய வேண்டுமே என்பான் ஒருவன். கேசரி பவுடர் கலந்தால் வெளியே வருவதும் கலராக இருக்கணும் என்பாள் இன்னொருத்தி. செய்து பாருங்கள், வெளியே துடைத்த துணியில் கலர் இருக்காது. ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு கிடைத்தால் ஒரு பெரிய சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றித் தட்டால் மூடி, முதலில் ஒரு முறையும் இருபது நிமிடம் கழித்து ஒரு முறையும் நிறுக்கச் சொல்லுங்கள். எடை கூடியிருக்கும். கசிந்திருந்தால் எடை எப்படிக் கூடும்? இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும், நீங்களும் பேசாமல் இருங்கள்.

அப்புறம் சீட்டு வேலை. "ஐஸ் போட்டோம்", "டம்ளர் குளிர்ந்தது", "அதை ஒட்டியிருந்த காற்று குளிர்ந்தது", "காற்றிலிருந்த நீராவி நீரானது" என்று நான்கு சீட்டு எழுதிக் கலைத்துக் கொடுத்து, இடையில் 'அதனால்' போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதல் சீட்டிலிருந்து கடைசிக்குத் தாவுவார்கள், அந்த நடுச் சீட்டுகள்தான் பாடமே. ஐஸே போடாமல் ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரை ஊற்றினாலும் வியர்க்கும் என்று காட்டினால், காரணம் ஐஸ் இல்லை, குளிர்ச்சி என்று அவர்களே முதல் சீட்டை அடித்து எழுதுவார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை 7ஆம் வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, தவளை கத்தினால் மழை வரும் என்பதையும். தவளை வாயை எல்லாம் கட்டிவிட்டால் மழை நின்றுவிடுமா என்று கேட்டால் போதும், காரணம் வேறு அறிகுறி வேறு என்பது பிடிபட்டுவிடும்.

8ஆம் வகுப்புக்கு எனக்குப் பிடித்தது புதுச்சேரிக் கடற்கரை. பீச் ரோடு ஓரத்தில் மணல் இருந்த இடமெல்லாம் கருங்கல்லாக ஆனது ஏன்? "அலை அரிச்சிடுச்சு" என்பதுதான் முதல் பதிலாக வரும். அலை அதற்கு முன்னாலும் அடித்துக்கொண்டுதானே இருந்தது, புதிதாக என்ன மாறியது என்று கேளுங்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே அலை எடுத்துப்போன மணலுக்கு ஈடாகப் புது மணல் வரவில்லை. கரையைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே மீனவக் குப்பங்கள் பக்கம் போனது. ஒரு விளைவே அடுத்ததற்குக் காரணமாவதையும், விளைவு பல வருஷம் கழித்து வேறொரு இடத்தில் வந்து நிற்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைத்ததில்லை. போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து துறைமுக வாயின் இரண்டு பக்கமும் ஒப்பிடச் சொல்லுங்கள், பழைய கரை எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

மதிப்பெண் போடும்போது, ஊகம் தப்பாக இருந்தாலும் அதைச் சோதிக்கச் சரியான வழி சொன்ன பிள்ளைக்கு நான் முழுசாகவே கொடுக்கிறேன். டம்ளர் பாடத்துக்கு மட்டும் இரண்டு பீரியட் ஒதுக்குங்கள், ஐஸை ஃபிளாஸ்கில் கொண்டுபோங்கள்.