பழைய கம்பைலரைக் கைவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறர் தங்கள் நிரலில் இணைத்துக்கொள்ளும் சி பிளஸ் பிளஸ் லைப்ரரியைச் சில வருடங்கள் பராமரிக்கும் யாருக்கும் இந்த நாள் வந்தே தீரும். ஒரு பழைய கம்பைலருக்காக (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) புதிய வசதிகளையெல்லாம் ஒதுக்கி வைத்து, சுற்றி வளைத்து நிரல் எழுதி அலுத்துப்போய், "இனி இதற்கு சப்போர்ட் இல்லை" என்று முடிவெடுப்போம். அந்த முடிவு பெரும்பாலும் சரியானதுதான். அதை நடத்தும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் காரைக்குடியில் இருப்பார், ஒருவர் சென்னையில், இன்னொருவர் மலேசியாவில். ஒரு கதவைக் கழற்றுவதென்றாலும் ஊரில் இல்லாதவரையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களும் அப்படித்தான். பாதிப் பேர் நம்மிடம் பேசியதே இல்லை. பில்ட் உடைந்து நிரல் கம்பைல் ஆகாமல் போன அன்றுதான் வந்து நிற்பார்கள்.

அதனால் தன் லேப்டாப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பது முதல் தவறு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸைப் போட்டு அப்படியே விட்டிருந்தால், அதோடு வந்த கம்பைலர் ஜிசிசி 7. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடும் சர்வரில் இருப்பது ஜிசிசி 4.8.5. (நீலத் திரை டர்போ சி பிளஸ் பிளஸ்ஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது 1998-இல் வந்த முதல் சி பிளஸ் பிளஸ் தரநிலைக்கும் முந்தையது. அதில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் லைப்ரரியை இணைக்கப் போவதில்லை.) எந்த இயங்குதளத்துக்கு எதுவரை ஆதரவு என்று பார்த்து எல்லையை வையுங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, 4.8-ஐக் கைவிட அது நியாயமான காரணம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் ஒரேயடியாகத் தாவவில்லை. குறைந்தபட்சத் தேவையை 2018-இல் ஜிசிசி 4.6-க்கு உயர்த்தியது, படிப்படியாக ஏறி 2021-இல் 5.1-க்கு வந்தது.

அடுத்தது, பதிப்பைச் சோதிக்கும் இடம். நல்ல எண்ணத்தோடு எழுதிய சோதனையே புதிய கம்பைலரை வெளியே தள்ளிவிடுவது இங்கேதான். கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் தன்னை ஜிசிசி மாதிரியே காட்டிக்கொள்ளும், அதுவும் 4.2.1 என்று. நேற்று வெளிவந்த கிளாங்கும் அதே எண்ணைத்தான் சொல்கிறது. "ஜிசிசி 5-க்குக் கீழே இருந்தால் எரர்" என்று ஒரு வரி போட்டால், கிளாங்கையே பயன்படுத்தும் மேக்காரர்கள் எல்லாரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். முதலில் கிளாங்கா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஜிசிசி எண்ணைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் வேறு சிக்கல். மொழிப் பதிப்பைச் சொல்லும் மாக்ரோ (கம்பைலரே வரையறுத்துத் தரும் பெயர்), அதற்கென்று உள்ள ஆப்ஷனைக் கொடுக்காதவரை 199711 என்ற 1998 தரநிலையின் எண்ணையே சொல்லும், சி பிளஸ் பிளஸ் 17-இல் கம்பைல் செய்தாலும்கூட. சீமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் எண்களோடு மல்லுக்கட்டாமல், இந்த டார்கெட்டுக்கு இன்ன தரநிலை வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிடலாம், 3.8 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

"கம்பைல் ஆகிறது, அதனால் சப்போர்ட் இருக்கிறது" என்று நம்புவதும் ஆபத்து. ஜிசிசி 4.8-இல் உரையில் வடிவங்களைத் தேட உதவும் ரெஜெக்ஸின் ஹெடர் இருக்கும், நிரலும் கம்பைல் ஆகும்; ஆனால் உள்ளே வேலை முழுமையாக முடிந்திருக்கவில்லை, அது 4.9-இல்தான் வந்தது. ஓட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். தானியங்கிச் சோதனையில் ஓடாத கம்பைலரின் பெயரை ஆதரவுப் பட்டியலில் வைத்திருப்பது, பயன்படுத்துபவருக்குச் செய்யும் அநியாயம். கைவிட்ட பிறகும் பழைய கம்பைலருக்கான ஒட்டுவேலைகளை அப்படியே விட்டுவைப்பதும் கூடாது. அந்தக் கிளைகளை இனி யாரும் சோதிக்கப் போவதில்லை. எடுத்துவிடுங்கள்.

பேட்ச் ரிலீஸில் கைவிடவே கூடாது. 2.4.1-லிருந்து 2.4.2-க்கு மாறுபவர் பிழைத்திருத்தத்தை எதிர்பார்த்து வருகிறார். அவருக்குப் பில்டே ஆகாமல் போனால் நம்பிக்கை போய்விடும். இதில் பல நேரம் முடிவு என்று ஒன்றே எடுத்திருக்க மாட்டார்கள். யாரோ அனுப்பிய மாற்றத்தில் ஒரு புதிய வசதி நுழைந்திருக்கும், அவ்வளவுதான். எல்லைக்கோட்டில் உள்ள கம்பைலரையும் சோதனையில் ஓடவிட்டால் இது அன்றைக்கே பிடிபடும்.

கைவிடும் முன் ஒரு ரிலீஸில் எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள். மாற்று வழியையும் சொல்லுங்கள்: ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இல் இயங்குதளத்தை மாற்றாமலே டெவ்டூல்செட் என்ற கருவித்தொகுப்பு மூலம் புதிய ஜிசிசி போட முடியும், பலருக்கு இது தெரியாது. வெளியீட்டுக் குறிப்பின் தலையிலேயே, பழைய கம்பைலரில் ஓடும் கடைசிப் பதிப்பு எது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதிவரை வரும், புதிய குறைந்தபட்சம் என்ன என்ற மூன்றும் இருக்கட்டும். எரர் செய்தியிலும் அதையே எழுதுங்கள். டெம்ப்ளேட் எரர்கள் பக்கம் பக்கமாக ஓடும் முன்னால், முதல் வரியிலேயே அது கண்ணில் பட வேண்டும்.