தோல் அட்டைக்கு மயங்காதீர்கள்: மறுகட்டுப் பதிப்பு சேகரிப்போர் செய்யும் தவறுகள்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்தே வாங்குகிறவன் நான். இணையத்தில் கரும்பச்சைத் தோல் அட்டையும் தங்க எழுத்துமாக ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலைக் கண்டதும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. அச்சான புத்தகத்தின் அட்டையை உரித்துவிட்டு, பைண்டர் ஒருவர் புது அட்டை கட்டி விற்கும் 'மறுகட்டுப் பதிப்பு' அது. "நூறு பிரதிகள் மட்டும்" என்றிருந்தது. உடனே பணம் கட்டிவிட்டேன்.

வந்ததைத் திறந்தால் வரைபடத்தைக் காணோம். இவ்வகை நாவல்களில் கதை நடக்கும் உலகின் வரைபடத்தைப் பல நேரங்களில் அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டும் தாளிலேயே அச்சிடுவார்கள். பழைய அட்டையை உரிக்கும்போது அந்தத் தாளும் போய்விடும். அங்கே அலை அலையாக வண்ணம் தோய்த்த தாள் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நாயகன் எந்த மலையைக் கடக்கிறான் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? 1937இல் 1,500 பிரதிகள் அச்சான, டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நாவலின் முதல் பதிப்பின் இரண்டு வரைபடங்களும் இப்படி ஒட்டுத்தாளில் இருந்தவைதான். அப்படியொரு பழம்பிரதி கைக்கு வந்தால் மறுகட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூல அட்டையும் மேலுறையும் போனால் விலையும் போய்விடும்.

அடுத்தது "மட்டும்" என்ற சொல். நூறு என்பது பைண்டர் தானே வைத்துக்கொண்ட கணக்கு. உள்ளே இருப்பது கடையில் கிடைக்கும் அதே அச்சாக இருக்கலாம். பதிப்புரிமைப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அங்கே 10 9 8 7 என்பதுபோல் எண் வரிசை இருந்தால், அதிலுள்ள மிகச் சிறிய எண்தான் பெரும்பாலும் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். ஆசிரியர் கையெழுத்து புத்தகத் தாளில் இருக்கிறதா, தனிச் சீட்டில் போட்டு ஒட்டியதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்க முடியாது.

தையலையும் பார்க்க வேண்டும். முதுகின் மேல்முனையில் தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, ஒரு கட்டின் நடுவே நூலும் தெரிந்தால் தைத்த புத்தகம். தனித்தனித் தாள்களைப் பசையில் நிறுத்தியிருந்தால், அதற்குத் தோல் அட்டை துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்தான். தாள்களின் ஓரத்துக்குத் தங்கம் பூசுவதற்காக அவற்றை எவ்வளவு வெட்டினார்கள் என்றும் விசாரியுங்கள். என் பிரதியில் பக்க எண்கள் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

இனி நம் ஊர்க் காற்று. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பினாங்கில் 80 சாதாரணம். மழை நனைக்கும் வெளிச்சுவரை ஒட்டிக் கண்ணாடி அலமாரி வைப்பது, ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பது, இரவு முழுக்க ஏர்கண்டிஷனர் போட்டுக் காலையில் சன்னலைத் திறப்பது, மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். குளிர்ந்த அட்டையில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து, சில வாரங்களில் தோலில் வெள்ளைப் பொட்டுகள் வந்தன. "தேங்காயெண்ணெய் தடவுடா" என்றார் பெரியம்மா. ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசிக் காத்தவர்கள் நாம் என்றாலும், தோல் அட்டைக்கு அது கறைதான். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியை 50 சதவீதத்தில் வைத்த பிறகே நிம்மதி. இப்போது புதிதாகக் கட்டக் கொடுத்தால் துணி அட்டைதான் கேட்கிறேன்.

போன மாதம் சௌராஸ்தாவில் அதே நாவலின் பழைய பிரதி பத்து ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. முதுகு கிழிந்திருந்தது. வரைபடம் முழுதாக இருந்தது.