செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? பணம் குடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணணும் (போர்ஷே பாக்ஸ்டர், கேமன் உதாரணத்தோட)

நம்ம ஊர்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுற பாதி பேரு முதல்ல கேக்குற கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு?" தான். பத்து வருஷத்துல பன்னெண்டாயிரம் தான் ஓடிருக்குன்னு சொன்னதும் அப்படியே மயங்கிடுறாங்க. நான் நேர் எதிரா சொல்றேன், ஒழுங்கா சர்வீஸ் பண்ணி வாரா வாரம் ஓட்டின அம்பதாயிரம் கிலோமீட்டர் வண்டி, ஷெட்ல கவர் போட்டு மூடி வச்சிருந்த பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் வண்டிய விட பெரும்பாலும் நல்லா இருக்கும். நிக்கிற வண்டியில ரப்பர் சீல் எல்லாம் காஞ்சி போகும், டயர் கல்லாகும், டேங்க்ல பெட்ரோல் கெட்டுப் போகும், பேட்டரி செத்துடும், பிரேக் டிஸ்க்ல துரு ஏறும். இது எதுவுமே மீட்டர்ல தெரியாது.

எல்லா காரையும் ஒரே பதிவுல சொன்னா குழப்பமாயிடும், அதனால இந்தியாவுல செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கிற, முதல் ஸ்போர்ட்ஸ் காரா நிறைய பேரு ஆசைப்படுற போர்ஷே பாக்ஸ்டர், கேமன் ரெண்டையும் எடுத்துக்குறேன், அதுலயும் 987 மாடல், அதாவது 2005ல இருந்து 2012 வரைக்கும் வந்தது. ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, மினி கூப்பர் எஸ் எது பாத்தாலும் பாக்குற முறை இதே தான், வியாதி மட்டும் மாறும்.

ஸ்டெப் 1: எந்த வருஷம், எந்த என்ஜின்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இந்த ஒரு விஷயத்துல தான் லட்சக்கணக்குல பணம் மிச்சமாகும், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

2008 வரைக்கும் வந்த 987ல எம்97ங்கிற என்ஜின், ரொம்ப ஆரம்ப வண்டிகள்ல அதுக்கு முந்தின எம்96 பார்ட்ஸும் இருக்கலாம். இந்த என்ஜினுக்குள்ள ஐஎம்எஸ்னு ஒரு இடைத் தண்டு இருக்கு, கிராங்க் சுத்துறத, வால்வுகள திறந்து மூடுற கேம் தண்டோட செயினுக்கு கொண்டு போறது அது தான், அதோட ஒரு முனைய தாங்குற பேரிங் உடைஞ்சா வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் மொத்தமா போயிடும். அதுக்கு முந்தின 986 பாக்ஸ்டர்ல இது ரொம்ப பேசப்பட்ட பிரச்சனை, அமெரிக்காவுல 2001ல இருந்து 2005 வரைக்கும் வந்த வண்டிகளுக்காக ஓனர்கள் சேர்ந்து கேஸ் போட்டு செட்டில்மென்ட் வரைக்கும் போச்சு. 2006 வாக்குல பெரிய பேரிங் போட்டாங்க, அதுல பிரச்சனை ரொம்ப குறைவு, ஆனா மாத்தணும்னா என்ஜின ரெண்டா பிரிக்கணும்.

2009 மாடல்ல புது என்ஜின் வந்துச்சு. பாக்ஸ்டருக்கும் கேமனுக்கும் 2.9 லிட்டர், எஸ் மாடலுக்கு டைரக்ட் இன்ஜெக்‌ஷனோட 3.4 லிட்டர். இதுல அந்த ஐஎம்எஸ் பேரிங்கே கிடையாது. பட்ஜெட் எட்டுச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு 2009க்கு மேல பாருங்கன்னு தான் நான் சொல்லுவேன். எட்டலைன்னா பழைய 2.7 லிட்டர் என்ஜின் பாருங்க, ஏன்னா பழைய 3.4 லிட்டர் கேமன் எஸ்ல சிலிண்டர் சுவத்துல கோடு விழுற பிரச்சனை 2.7ஐ விட அதிகம். அத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கீழ வருது.

ஒரு குறிப்பு, ஆர்சில இருக்கிற பதிவு வருஷத்த நம்பி முடிவு பண்ணாதீங்க, 2008ல தயாரிச்ச வண்டி 2009ல ரிஜிஸ்டர் ஆகிருக்கும். தயாரிப்பு மாசமும் என்ஜின் நம்பரும் தான் கணக்கு.

ஸ்டெப் 2: வீட்ல உக்காந்தே பேப்பர் பாருங்க

நேர்ல போயி வண்டியப் பாத்துட்டா மனசு அதுலயே போயிடும், அதனால பேப்பர முதல்லயே பாத்துடுங்க. வண்டி நம்பர வாங்கி பரிவாகன் தளத்துலயோ எம்பரிவாகன் ஆப்லயோ போடுங்க, எத்தனாவது ஓனர், லோன் பாக்கி இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுது, பொல்யூஷன் எல்லாம் தெரிஞ்சிடும். சலான் பாக்கியும் தனியா பாத்துடுங்க.

அடுத்து பழைய இன்சூரன்ஸ் பாலிசி காப்பி கேளுங்க. அதுல என்சிபின்னு, அதாவது கிளெயிம் பண்ணாததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடின்னு, ஒரு சதவீதம் இருக்கும். அஞ்சு வருஷம் கிளெயிமே பண்ணாம இருந்தா அது 50 சதவீதம் வரைக்கும் போகும். ஓனர் "ஒரு கீறல் கூட விழுந்ததில்ல சார்"னு சொல்றாரு, ஆனா பாலிசில என்சிபி சைபர்னு இருந்தா, ஏன்னு கேளுங்க. பதில் சரியா இருந்தா பரவால்ல, மழுப்புனா இன்சூரன்ஸ் கம்பெனி மூலமா கிளெயிம் விவரத்த கேட்டு வாங்கச் சொல்லுங்க.

வெளி மாநில நம்பர்னா கூடுதல் கவனம் வேணும். புதுச்சேரி நம்பர்ல நிறைய சொகுசு கார் ஓடுறது எல்லாருக்கும் தெரியும், வரி கம்மிங்கிறது தான் காரணம். ஆனா 12 மாசத்துக்கு மேல தமிழ்நாட்டுல வச்சு ஓட்டுனா இங்க மறுபதிவு பண்ணணும், லைஃப் டாக்ஸ் கட்டணும், அதுக்கு அந்த ஊர் ஆர்டிஓ குடுக்குற என்ஓசி, அதாவது ஃபார்ம் 28 வேணும். இந்த லைஃப் டாக்ஸ் இந்த மாதிரி வண்டிக்கு சின்ன தொகை இல்ல, விலை பேசும்போதே அத கூட்டிப் பாருங்க. வெளிநாட்டுல இருந்து தனியா இறக்குமதி பண்ண வண்டின்னா கஸ்டம்ஸ் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்கு கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ண பேப்பர், ஒரிஜினல் பாக்காம ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்காதீங்க.

ஸ்டெப் 3: போன்லயே ஒண்ணு சொல்லிடுங்க

"சார், நான் வந்து பாக்குற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேணாம்."

இதுக்கு சரின்னு சொல்ற ஓனர் நல்ல ஓனர். போனதும் பின்பக்கம் கைய வச்சுப் பாருங்க, சூடா இருந்தா அன்னைக்கு திரும்பி வந்துடுங்க, இன்னொரு நாள் போலாம். கோல்டு ஸ்டார்ட்ல தான் என்ஜின் உண்மையப் பேசும். சாவி போட்டதும் முதல் ரெண்டு மூணு செகண்ட் காத கூர்மையா வச்சுக்கோங்க. லேசா புகை வந்தா பயப்பட வேணாம், இந்த என்ஜின்ல சிலிண்டர் எல்லாம் படுத்த வாக்குல இருக்கிறதால கொஞ்சம் ஆயில் உள்ள தேங்கி எரியும், ஒரு நிமிஷத்துல நின்னுடும். ஆனா வெள்ளப் புகை குப்புன்னு வந்து நிக்கவே இல்லைன்னா ஏர் ஆயில் செப்பரேட்டர், அதாவது என்ஜினுக்குள்ள இருக்கிற காத்துல இருந்து ஆயில பிரிக்கிற பார்ட், போயிருக்க வாய்ப்பு அதிகம். அது ரொம்ப பெரிய செலவு இல்ல, விலைய குறைக்கிறதுக்கு நல்ல காரணம்.

என்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் ஐடிலிங்ல விட்டுட்டு கீழ குனிஞ்சு கேளுங்க. டிக் டிக்னு ஒரே தாளத்துல சத்தம், ஒரு பக்கம் மட்டும் வந்தா, அது தான் நான் மேல சொன்ன சிலிண்டர் கோட்டுக்கு முதல் அறிகுறி. கூடவே ஆயில் அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கான்னு கேளுங்க.

ஸ்டெப் 4: வெளிய, உள்ள, அடியில

பெயின்ட் திக்னஸ் மீட்டர் ஆன்லைன்ல விக்குது, மெக்கானிக்கிட்டயும் இருக்கும். கம்பெனி பெயின்ட் பொதுவா 80ல இருந்து 150 மைக்ரான் வரைக்கும் இருக்கும். ஒரு கதவுல மட்டும் 250, 300ன்னு காட்டுனா அது ரீபெயின்ட், ஆயிரம் தாண்டுனா உள்ள பட்டி போட்டு டிங்கரிங் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். கதவு ரீபெயின்ட் பெரிய விஷயம் இல்ல, பார்க்கிங்ல யாராவது இடிச்சிருப்பாங்க. பில்லர்லயும் கூரை ஓரத்துலயும் வித்தியாசம் வந்தா விட்டுடுங்க.

முன்னாடி பூட் மூடிய திறந்து மூடியோட உள்பக்கம் பாருங்க, ஒரு வெள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதுல சேஸிஸ் நம்பரும் கூட மூணு இலக்க ஆப்ஷன் நம்பர்கள் வரிசையா இருக்கும். அது தான் ஃபேக்டரில என்னென்ன ஆப்ஷன் போட்டு அனுப்பினாங்கங்கிற பட்டியல். 640 இருந்தா ஸ்போர்ட் க்ரோனோ (ஸ்டாப்வாட்சும் ஸ்போர்ட் மோடும் சேர்ந்த பேக்கேஜ்), 475 இருந்தா அட்ஜஸ்ட் ஆகுற சஸ்பென்ஷன். புரோக்கர் "ஃபுல் லோடட் சார்"னு சொல்றது உண்மையான்னு அங்கயே தெரிஞ்சிடும். ஸ்டிக்கரே இல்லைன்னா அந்த மூடி மாத்தினது, அப்போ முன்னாடி அடி வாங்கிருக்கான்னு நல்லா தோண்டிப் பாருங்க.

அப்படியே முட்டி போட்டு முன் பம்பரோட ரெண்டு ஓரத்துல இருக்கிற காத்து ஓட்டைக்குள்ள போன் டார்ச் அடிங்க. ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அங்க தான் இருக்கு. காஞ்ச இலை, குப்பை எல்லாம் உள்ள போயி ஈரத்தோட அடைஞ்சு கிடந்து கண்டென்சர அரிச்சிடும். எவ்வளவு குப்பை இருக்கோ அத வச்சே அந்த வண்டிய எப்படி கவனிச்சாங்கன்னு சொல்லிடலாம்.

டயர்ல சைடுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். ஆறு வருஷம் தாண்டின டயர் பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் மாத்தணும், ஸ்போர்ட்ஸ் கார்ல இதுல சமரசம் பண்ணவே கூடாது, உயிர் விஷயம். பின் டயரோட உள் ஓரத்த கைய விட்டு தடவிப் பாருங்க, வெளிய நல்லா இருந்து உள்ள மட்டும் வழுவழுன்னு தேஞ்சிருக்கும், நின்னுக்கிட்டு பாத்தா தெரியாது.

பாக்ஸ்டர்னா ரூஃப் மூணு நாலு தடவ திறந்து மூடுங்க. ரூஃப பாதி திறந்து வச்சுட்டு பின் மூலைல இருக்கிற தண்ணி போற ஓட்டைல ஒரு பாட்டில் தண்ணிய மெதுவா ஊத்துங்க, அது பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ வடியணும். வடியலைன்னா இலை அடைச்சு மழைத் தண்ணி எல்லாம் கார்ப்பெட்டுக்கு அடியில போயிருக்கும். 986ல அலாரம், சென்ட்ரல் லாக் கன்ட்ரோல் யூனிட்டே சீட்டுக்கு அடியில தான் இருக்கு, யோசிச்சுப் பாருங்க.

சென்னை வண்டின்னா வெள்ளத்தையும் பாத்தே ஆகணும், 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டுலயும் எத்தனையோ வண்டி முங்குச்சு, அதுல சரி பண்ணி வித்ததும் இருக்கு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, அடில சேத்துக் கோடு இருக்கான்னு பாருங்க. சீட் ரெயில் போல்ட்ல துரு, கார்ப்பெட்ட தூக்கினா மக்கு வாசனை இருந்தா என்ன விலைக்கு குடுத்தாலும் வேணாம்.

ஸ்டெப் 5: ஓட்டிப் பாருங்க

மேனுவல்னா கிளட்ச் டெஸ்ட் சுலபம், நாலாவது கியர்ல கம்மி ஸ்பீடுல போயிக்கிட்டே ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க, ஆர்பிஎம் ஏறி ஸ்பீடு ஏறலைன்னா கிளட்ச் முடிஞ்சுது. ஆட்டோமேட்டிக்னா டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது உதறுதான்னு பாருங்க. பள்ளத்துல டக் டக் சத்தம், நேரா போகும்போது ஒரு பக்கம் இழுக்குறது, பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் ஆடுறது, இதெல்லாம் எந்த காருக்கும் பொது தான்.

எக்ஸாஸ்ட் மாத்தினது, ரீமேப் பண்ணது (என்ஜின் சாஃப்ட்வேர மாத்தினது) எல்லாம் ஆசையா இருக்கும். ஆனா கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ஒரிஜினல் பார்ட்ஸ் கூட குடுத்தா மட்டும் யோசிங்க. இருங்காட்டுக்கோட்டையிலயோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேலயோ ட்ராக்ல ஓட்டின வண்டின்னு தெரிஞ்சா உடனே ஒதுக்க வேணாம், அப்படி ஓட்டுறவங்க ஆயிலும் பிரேக்கும் மத்தவங்கள விட அடிக்கடி மாத்துவாங்க. பில்லக் காட்டச் சொல்லுங்க.

ஸ்டெப் 6: லிஃப்ட்ல ஏத்தாம பணம் குடுக்காதீங்க

பாக்ஸ்டர், கேமன்ல என்ஜின் சீட்டுக்குப் பின்னாடி நடுவுல ஒளிஞ்சிருக்கு, பின் பூட்ட திறந்தா ஆயில் ஊத்துற மூடியும் கூலன்ட் மூடியும் தான் கண்ணுக்குத் தெரியும். அதனால இந்த மாதிரி வண்டிய ஏற்கனவே பாத்த மெக்கானிக்கிட்ட, ஓனருக்கு சம்பந்தமில்லாத ஒருத்தர்கிட்ட, கொண்டு போயே ஆகணும். ஓனர் விட மாட்டேன்னா பேச்ச அங்கயே முடிச்சுடுங்க.

அங்க மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல ஆயில் கசியுதா. ரெண்டு, ஸ்பார்க் பிளக்க கழட்டி அந்த ஓட்டை வழியா குட்டி கேமரா விட்டு சிலிண்டர் சுவத்தப் பாக்கணும், மேலருந்து கீழ ஆழமா கோடு இருந்தா அந்த வண்டி வேணாம். பழைய 3.4க்கு இத கட்டாயம் பண்ணுங்க.

மூணாவது தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. போர்ஷே சர்வீஸ் கம்ப்யூட்டர மாட்டினா ஓவர் ரெவ் ரிப்போர்ட் வரும், என்ஜின் எத்தனை தடவ லிமிட்ட தாண்டி சுத்திருக்குன்னு ரேஞ்ச் ரேஞ்சா காட்டும். கீழ் ரேஞ்ச் ஆக்சிலேட்டர்ல வந்தது, அது சாதாரணம். மேல் ரேஞ்ச்ல எண்ணிக்கை இருந்தா அஞ்சாவது கியர்ல இருந்து நாலுக்கு போறதுக்குப் பதிலா தப்பா ரெண்டாவது கியர்ல தள்ளிருக்காங்கன்னு அர்த்தம். அதே ரிப்போர்ட்ல என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடிருக்குன்னும் இருக்கும், கிலோமீட்டர அதால வகுத்துப் பாருங்க. மீட்டர்ல 22,000, ஆனா என்ஜின் 1,400 மணி நேரம்னா சராசரி 16 கிலோமீட்டர் ஸ்பீடு கூட வரல, ஒண்ணு வண்டி முழுக்க டிராஃபிக்லயே நின்னிருக்கணும், இல்ல மீட்டர திருப்பிருக்கணும்.

ஸ்டெப் 7: விலை, பேப்பர், டெலிவரி

மெக்கானிக் எழுதிக் குடுத்த லிஸ்ட்ட வச்சு பேசுங்க, சும்மா "கொஞ்சம் பாத்து சொல்லுங்க சார்"ன்னா யாரும் குறைக்க மாட்டாங்க, டயர் நாலு, பிரேக் டிஸ்க், ஆயில் லீக்னு ஒவ்வொண்ணுக்கும் கொட்டேஷன் வாங்கிட்டுப் போங்க. வண்டி விலை போக இன்னொரு பத்துல இருந்து இருபது சதவீதம் கையில தனியா வச்சுக்கோங்க, முதல் வருஷத்துல கண்டிப்பா வேலை வைக்கும், அந்தப் பணம் இல்லைன்னா ஒரு படி கீழ இருக்கிற வண்டியப் பாருங்க.

ஓனர் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல ஓனர் கையெழுத்து, லோன் இருந்திருந்தா அத ஆர்சில இருந்து நீக்குற ஃபார்ம் 35ம் பேங்க் என்ஓசியும், ரெண்டு சாவி, சர்வீஸ் புக், பழைய பில் எல்லாம் கைக்கு வந்ததுக்கு அப்புறம் மிச்சப் பணத்த பேங்க் வழியா அனுப்புங்க. இன்சூரன்ஸ 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்க, இல்லைன்னா உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு கிளெயிம் போட்டா சிக்கல் வரும். டெலிவரி எடுத்ததும் நேரா மெக்கானிக்கிட்ட போயி ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, கழட்டுன பழைய ஃபில்டரோட பேப்பர விரிச்சு வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க, பளபளன்னு உலோகத் துகள் ஏதாவது இருந்தா அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுட்டு, அது என்னன்னு தெரியிற வரைக்கும் வண்டிய ஓட்டாதீங்க.