ஜெர்மானிய இரட்டைப் பயிற்சியை இந்தியப் பட்டறைக்குக் கொண்டுவருவது எப்படி?

ஜெர்மனியிலிருந்து கொண்டுவர வேண்டியது பாடப்புத்தகம் அல்ல. அங்கே தொழில் பழகுபவர்கள் வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையிலும் மீதி நாள் பள்ளியிலும் கற்கிறார்கள்; இதுதான் இரட்டைப் பயிற்சி. 1969-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டமும், ஒப்பந்தத்தைப் பதிந்து தேர்வும் நடத்துகிற தொழில் வணிகச் சபைகளும் அந்த ஏற்பாட்டைத் தாங்குகின்றன. இங்கே சபைகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அந்த இடத்தை நிரப்பிவிட்டுத்தான் பாடத்தைத் தொட வேண்டும்.

ஒரே தொழில் செய்யும் ஐந்தாறு ஆலைகளைச் சேருங்கள். ஒருவர் மட்டும் செலவழித்தால், கற்றுத் தேறியவரைப் பக்கத்து ஆலை சம்பளம் கொஞ்சம் அதிகம் கொடுத்துக் கூட்டிப்போய்விடும். எல்லோரும் அப்ரண்டிஸ் (தொழில் பழகுபவர்) எடுத்தால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. 30 பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் நிறுவனம் தன் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பது இங்கும் விதிதான்.

அடுத்து, கற்றுத்தருபவர். ஜெர்மனியில் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதையும் நிரூபிக்க வேண்டும். இங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர் தலையில் கட்டிவிடுகிறார்கள். டார்கெட் கழுத்தை நெரிக்கும்போது அவர் என்ன சொல்லிக்கொடுப்பார்? அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரைத் தினமும் இரண்டு மணி நேரமாவது டார்கெட்டிலிருந்து விடுவித்து, அதை ஷிஃப்ட் சார்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

செய்த வேலையை அப்ரண்டிஸ் எழுதிவைக்கும் பயிற்சி நோட்டில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறோம். அங்கே கற்றுத்தருபவர் கையெழுத்திட்ட நோட்டு இல்லாமல் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. இங்கே ‘ஃபைலிங் (அரத்தால் அராவுதல்) செய்தேன்’ என்ற ஒரே வரி வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதை ஏற்காதீர்கள். அராவிய மைல்ட் ஸ்டீல் கட்டைமேல் ட்ரை ஸ்கொயரின் (செங்கோணம் பார்க்கும் மட்டம்) விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இரண்டு ஓரத்திலும் ஒளி கசிகிறதா? அரம் மேலும் கீழும் ஆடியிருக்கிறது, நடு மேடாகிவிட்டது. கட்டையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் முழங்கை உயரத்தில் இல்லாததும் காரணமாகலாம். எந்த ஓரத்தில் கசிந்தது, எதனால், மறுநாள் என்ன மாற்றினார் என்பதெல்லாம் நோட்டில் வர வேண்டும்.

தேர்வை அவரவர் ஆலையே நடத்தக் கூடாது. வேறு ஆலையின் ஃபிட்டர், ஒரு நிர்வாகி, ஒரு ஐ.டி.ஐ. ஆசிரியர் என மூவர் மதிப்பிடட்டும். இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழைப் பக்கத்து ஆலைகூட மதிக்காது.

ஐ.டி.ஐ. தூரமாக இருந்தால் வாராவாரம் அலையவிடாமல் சில வாரம் பள்ளி, சில வாரம் பட்டறை என்று தொகுத்து வையுங்கள்.

பெற்றோர் கேட்பது ‘மேலே படிக்க வழி உண்டா?’ என்பதைத்தான். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதை, பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கும் நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.