‘சப்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

எஸ், யூ, பி: மூன்றே எழுத்து. வட இங்கிலாந்தில் பியரையும் ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் கஞ்சியையும் இன்றும் ‘சப்’ பண்ணுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வாங்கி விழுங்குவது என்று பொருள்.

1. முதலில் பிரியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. இன்னொன்றுக்கு இராவுணவு சாப்பிடுவது என்று பொருள். ‘சப்பர்’ அதன் உறவு. 1611 ஆங்கில பைபிளில் இரண்டும் உண்டு. வெளிப்படுத்தல் 3:20-இல் வருவது ‘போஜனம்பண்ணுவேன்’. ஆபகூக் 1:9-இல் வருவது விழுங்குவது. எதைக் குடித்தார்கள் என்ற செயப்படுபொருள் நேராக வந்தால் முதல் சொல். கையடக்க அகராதிகள் இரண்டையும் குழப்பும். 1, 2 என்று எண்ணிட்டுப் பிரிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியே மேல்.

(பின்சேர்க்கை: ‘சப்’புக்குப் பின் ‘வித்’ (‘-ஓடு’, ‘-ஆல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) வந்தால் இராவுணவு என்று முடிவுகட்ட வேண்டாம். கஞ்சியைக் கரண்டியால் குடித்தாலும் ‘வித்’தான் வரும்.)

2. பழைய வடிவம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாஸ்வர்த்-டாலர் பழைய ஆங்கில அகராதியில் ‘சூப்பன்’ (எஸ்-யூ-பி-ஏ-என்) என்று தேடுங்கள். கடைசி ‘அன்’ வினையெச்ச விகுதி. மற்ற நூல்கள் யூ மேல் நெடில்கோடு போடும், இதில் சாய்கோடு. சொல் அகப்படாவிட்டால் குறியை மாற்றிப் பாருங்கள்.

3. இடைக்காலம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி போதும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின் பிரெஞ்சு வழக்கப்படி ‘ஊ’ ஒலியை ஓ-யூ என்று எழுதினார்கள். அதனால் சொல் ‘சூப்’ போலத் தெரியும். ஆனால் குடிக்கும் சூப் ஆங்கிலத்துக்கு வந்தது 17-ஆம் நூற்றாண்டில்.

4. உறவு மொழிகள். ஜெர்மனில் ‘ஸௌஃபன்’: மாடு குடிப்பதும் மொடாக்குடியும்! ஆங்கிலப் ‘ப்’ ஜெர்மனில் ‘ஃப்’ ஆவது ஒழுங்கான மாற்றம்: ஷிப்–ஷிஃப் (கப்பல்), டீப்–டீஃப் (ஆழமான). இராவுணவுச் சொல் வந்தது பிரெஞ்சு வழி. சாற்றில் ஊறிய ரொட்டியைக் குறித்த சொல்லிலிருந்து. அதுவும் ஜெர்மானிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போனதே. ஆக, இரண்டும் தூரத்துச் சொந்தம்.

நம்மவர்கள் உடனே ‘விரல் சூப்பு’வதை இழுத்து வருவார்கள். ஒலி ஒத்திருப்பது சான்றாகாது. ஷிப்–ஷிஃப் போல வரிசையாக ஜோடிகள் காட்ட முடியாதவரை அது தற்செயல்தான்.

‘சிப்’ (சிறிது சிறிதாக உறிஞ்சுவது) என்ற ஆங்கிலச் சொல் ‘சப்’புக்கு உறவு என்பதையும் அகராதிகள் ‘அநேகமாக’ என்று போட்டே சொல்கின்றன. எடுத்தெழுதும்போது அந்த ‘அநேகமாக’வை விட்டுவிடாதீர்கள்.