பிக்கப் டிரக்குக்கு எடை குறைந்த கேம்பர்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகையை அறுக்கும் முன்பே முதல் தவறு நடந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் டிரக்கின் பின்புறச் சரக்குத் தொட்டியில் ஏற்றி வைக்கும் கேம்பரை, அதாவது உள்ளே தங்கித் தூங்கும் சிறு அறையை, தாங்களே கட்டிக்கொள்பவர்களில் பலர், அந்த வண்டி எவ்வளவு எடையை இழுக்கும் என்று விளம்பரத்தில் படித்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் பின்னால் பூட்டும் டிரெய்லருக்கு உரியது. முதுகில் சுமப்பதற்கு வேறு எண் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அந்த வண்டிக்கென்றே அச்சிட்டிருப்பார்கள். ஒரே மாடலிலும் வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால், நண்பருடைய வண்டியின் எண்ணை நம்பக் கூடாது.

நடுத்தர அளவுள்ள ஒரு பிக்கப்பில் அந்த எண் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவருக்கு 150, தண்ணீருக்கு 40, 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிக்கு 30, சிறிய ஃபிரிட்ஜுக்கு 20, படுக்கை, துணிமணி, அடுப்பு, உணவு, கருவிகள் எல்லாவற்றுக்குமாக 80 என்று கழித்தால், கதவும் ஜன்னலும் பெயின்ட்டும் உட்பட கேம்பரின் முழுக் கூட்டுக்கும் மிஞ்சுவது 180 கிலோதான். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று சுமார் 20 கிலோ இருக்கும். அப்படி ஏழு பலகைகளோடு அவற்றைத் தாங்கும் கட்டைகளையும் சேர்த்தால் கணக்கு உதைக்கும். அதே அளவில் 2 அங்குலத் தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை சுமார் 4 கிலோதான். கட்டுமானப் பொருள் கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்திலோ நீல நிறத்திலோ கிடைக்கும் இந்தப் பலகை, நமக்குத் தெரிந்த தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அதைவிட இறுக்கமானது, நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

எடை கூடிவிட்டால் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை பொருத்திச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. காற்றுப் பை, தாழ்ந்துபோன பின்பக்கத்தை நிமிர்த்தும். அச்சு, பிரேக், டயர் ஆகியவற்றின் தாங்குதிறனை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. எடை எங்கே விழுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். பேட்டரியையும் தண்ணீர்த் தொட்டியையும் வாசலோரமாக, டிரக்கின் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் வைத்தால், அவை நெம்புகோல்போல் முன் சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும்; ஸ்டீயரிங் இலேசாகிவிடும்.

ஃபோமை மரம்போல் நடத்துவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. ஒரு போல்ட்டை ஃபோமில் ஊடுருவவிட்டு முடுக்கிப் பாருங்கள்: வாஷருக்கு அடியில் பலகை அமுங்கும், மறுபடி முடுக்கினால் இன்னும் அமுங்கும், சாலைக் குலுக்கலில் அந்தத் துளை மெல்ல மெல்ல நீள்வட்டமாகி, அதன் வழியே மழைநீர் இறங்கத் தொடங்கும். கீல், பூட்டு, கூரை விசிறி என எது வரப்போகிறதோ அந்த இடத்தில் ஃபோமை வெட்டியெடுத்துவிட்டு, அதே தடிமனுள்ள மரத்துண்டைப் பசை வைத்துப் பதித்த பிறகே மேல் உறையைப் போட வேண்டும்.

பசையிலும் ஏமாறக் கூடாது. ஃபைபர்கிளாஸ் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருப்பதால், அது பட்ட இடத்தில் பலகை குழிந்து கரைந்துபோகும். எப்பாக்சி அப்படிக் கரைக்காது. தண்ணீர் கலந்த மரப் பசையை இரண்டு ஃபோம் பலகைகளுக்கு நடுவே தடவினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே பல நாட்கள் காயாமலே கிடக்கும். அந்த இணைப்புக்குப் பாலியூரித்தேன் பசையே பொருத்தம். ஆனால் அதே மரப் பசை, வெளிப்புறத்தில் காடாத் துணியைப் போர்த்தி ஒட்டுவதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் துணியின் வழியே ஈரம் ஆவியாகிவிடும். ஒட்டுவதற்கு முன் பலகையின் வழுவழுப்பு போகும்வரை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துணி காய்ந்தபின் வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டைப் பல பூச்சுகளாக அடிக்க வேண்டும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். எக்ஸ்பிஎஸ் 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. அரிசோனா போன்ற இடங்களின் கோடை வெயிலில் கறுப்புக் கூரை அந்தச் சூட்டை எட்டிவிடும்.

டிரக்கின் முன் அறையும் தொட்டியும் ஒரே அடிச்சட்டத்தின் (சேஸிஸ்) மேல் தனித்தனியாக அமர்ந்திருப்பவை. மேடுபள்ளமான பாதையில் சட்டம் முறுக்கும்போது இரண்டும் வெவ்வேறு பக்கம் சாயும். ஆகவே முன்கூரைக்கு மேல் நீளும் படுக்கைப் பகுதி அந்தக் கூரையைத் தொடாதபடி தாராளமாக இடைவெளி விட வேண்டும். பொருளைக் கட்டும் சிறு வளையங்களில் மட்டும் கேம்பரைக் கட்டுவதும் ஆபத்தானது. 100 கிலோமீட்டர் வேகத்தில், செங்குத்தாக நிற்கும் ஒரு சதுர மீட்டர் தட்டையான முகப்பைக் காற்று ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். முகப்பைச் சாய்வாக அமைத்து, சட்டத்தோடு பிணைந்த கொக்கிகளில் நான்கு மூலைகளையும் கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 1994 மாடல் முதல் இத்தகைய டிரக்குகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மூன்றாவது பிரேக் விளக்கைக் கேம்பர் மறைத்துவிடும். கேம்பரின் பின்சுவரில் உயரமாக வேறொரு விளக்கைப் பொருத்துவது அரை நாள் வேலை.

கடைசியாக, காற்று. ஃபோம் பெட்டி குளிரை அருமையாகத் தடுக்கும் என்பதாலேயே, ஒரு இடுக்கு விடாமல் அதை அடைத்துவிடுகிறார்கள். இருவர் தூங்கி எழுந்தால் சுவரில் வியர்வைபோல் நீர் வழியும். மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். அதைவிட மோசமானது, உள்ளே எரியும் கேஸ் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே தரை மட்டத்தில் ஒரு திறப்பும் கூரையில் ஒரு திறப்பும் எப்போதும் அடைபடாமல் இருக்க வேண்டும். ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப் புகையைக் கக்கும். எனவே கார்பன் மோனாக்சைடு அலாரத்தோடு, படுக்கையிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஆள் நுழைந்து வெளியேறக்கூடிய இரண்டாவது வழி ஒன்றையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டி முடித்த சுவரை அதற்காக வெட்ட யாருக்கும் மனம் வராது.