ஆங்கிலப் பத்தி படித்தால் புரிய வேண்டுமா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு செய்முறை

லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கா ஈரான் மீது கொண்டுவந்த சாங்ஷன்கள் பற்றிய பத்தி ஒன்று மாதிரித் தேர்வில் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் என்பதால் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. ஏதோ பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கடைசி வரை படித்தேன். ஐந்து கேள்விகளில் நான்கு தப்பு. அந்தச் சொல்லுக்கு ஒப்புதல் என்றும் பொருள் உண்டு, தடை என்றும் பொருள் உண்டு. பத்தியில் இருந்தது தடை. தெரியாத சொற்கள் ஏழெட்டு இருந்தன, எல்லாவற்றையும் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன், அவற்றால் ஒரு கேள்வியும் போகவில்லை. தெரிந்த சொல்தான் காலை வாரிவிட்டது.

அதற்குப் பிறகு நான் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பள்ளி இலக்கணம் ஓரளவு நினைவிருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதல் படி: சரியான பத்தியைத் தேர்ந்தெடுப்பது

'தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படி' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பத்திலேயே அதைச் செய்யாதீர்கள். வரிக்கு நான்கு சொல் தெரியாமல் போனால் அகராதியைப் புரட்டத்தான் நேரம் இருக்கும், படிக்க இருக்காது. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். நாவலிலோ செய்தித்தாளிலோ 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வரை தேவை. டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். 98 சதவீதம் என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிது, அந்த நிலையில்தான் பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்க முடியும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். எந்தப் பத்தியை எடுத்தாலும் முதல் நூறு சொற்களை எண்ணுங்கள், தெரியாதவை இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அதை மூடி வைத்துவிட்டு எளிதானதை எடுங்கள். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஆரம்பிப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம், அதில் வரும் துணைப்பாடக் கதைகள் நல்ல பயிற்சி. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. அதற்கு அடுத்த கட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் என்ற எளிய ஆங்கிலக் கதைப்புத்தக வரிசை எனக்குப் பிடித்தது. முதல் நிலைக் கதைகளை 400 தலைச்சொற்களுக்குள், அதாவது அகராதியில் தனிப்பதிவாக வரும் சொற்களுக்குள், எழுதியிருப்பார்கள், ஆறாம் நிலையில் 2,500. மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது வேறொன்று. காலையில் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரில் ஒரு செய்தியை முழுதாகப் படித்துவிடுவேன், வீட்டுக்கு வந்து அதே செய்தியை ஆங்கிலத்தில் படிப்பேன். யார், எங்கே, என்ன நடந்தது எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மூளை சொல்லின் மேல் மட்டும் நிற்கும். கிரிக்கெட் பார்க்கிறவர் என்றால் நேற்று இரவு பார்த்த மேட்சின் செய்தியைப் படியுங்கள், அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

இரண்டாம் படி: 'தெரிந்த சொல்' நோட்டு

இங்கேதான் நான் பல மாதம் மாட்டிக்கொண்டு நின்றேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் தமிழ் பேசும்போதே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைப் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பொருளில் பிடித்து வைத்திருக்கிறோம், சில சமயம் ஆங்கிலத்தில் இல்லாத பொருளிலும். மெஸ் என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை, பத்தியில் வந்தால் பெரும்பாலும் குளறுபடி. அட்ரஸ் என்றால் வீட்டு முகவரி, 'அட்ரஸ் த ப்ராப்ளம்' என்றால் பிரச்சினையைக் கவனித்துத் தீர்க்க முயல்வது. 'ஃபீல் பண்ணாதே' என்றால் வருத்தப்படாதே என்கிறோம், ஆங்கிலத்தில் அந்தச் சொல் வருத்தத்துக்கு மட்டும் உரியதல்ல. ஸ்கீம் என்றால் நமக்கு அரசு நலத்திட்டம், அமெரிக்கர் எழுதிய பத்தியில் அது பெரும்பாலும் மோசடித் திட்டம். டேபிள் என்ற சொல் வினையாக வந்தால் இன்னும் ஆபத்து: இந்தியாவிலும் பிரிட்டனிலும் மசோதாவை டேபிள் செய்தார்கள் என்றால் அவையில் வைத்தார்கள், அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திப்போட்டார்கள் என்று பொருள். நேர் எதிர்!

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். புதிய சொற்களை அதில் எழுதாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த சொல் ஒன்று எதிர்பாராத பொருளில் வந்தால் மட்டும் அதை எழுதுங்கள். இடப்பக்கம் நம் வீட்டில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வோம் என்று ஒரு தமிழ் வாக்கியம். வலப்பக்கம் நீங்கள் படித்த ஆங்கில வாக்கியம், முழுதாக, பார்த்து எழுதியது.

சரி, தெரிந்த சொல் வேறு பொருளில் வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியம் இடிக்கும். ஈரான் பத்தியிலும் இடித்தது: பணம் ஒதுக்கிய நாட்டின் மேல் ஈரான் ஏன் கோபப்படுகிறது என்று ஒரு நொடி தோன்றியது, தோன்றியதைத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டேன். அந்த ஒரு நொடியை விடாதீர்கள். இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை என்று பட்டால் தெரியாத சொல்லின் மேல் பழி போடாமல் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி: அகராதி

ஆங்கிலம்–தமிழ் ஆப்களை முதலில் திறக்காதீர்கள் என்பது என் கருத்து. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், மறுபடியும் அதே பள்ளம்தான். கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில அகராதி வேண்டும். நான் பயன்படுத்துவது லாங்மேன், 1978இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எழுதுகிறார்கள், இணையத்தில் இலவசம். பொருள் ஆங்கிலத்தில் புரிந்த பிறகு, அதற்குத் தமிழில் நாம் என்ன சொல்வோம் என்று நீங்களே யோசித்து எழுதுங்கள். அந்த யோசனைதான் சொல்லை மனதில் உட்கார வைக்கிறது.

பத்துப் பொருள் போட்டிருந்தால் எதை எடுப்பது என்று குழம்ப வேண்டாம். பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று பாருங்கள், அப்புறம் பக்கத்தில் ஒட்டிவரும் சின்னச் சொல்லைப் பாருங்கள். சாங்ஷன்ஸ் என்று பன்மையில் வந்து, பின்னால் ஆன் அல்லது அகெய்ன்ஸ்ட் இருந்தால் தடை. 'சாங்ஷன்டு பை' என்றால் பெரும்பாலும் இன்னார் ஒப்புதல் தந்தது.

எந்தச் சொல்லைத் தேட வேண்டும், எதை விட வேண்டும்? ஒரே சொல் இரண்டாம் முறை குறுக்கே வந்தால் தேடுங்கள், ஒரே முறை வந்து போனால் விட்டுவிடுங்கள். எந்தச் சொற்கள் அதிகம் வரும் என்று பட்டியல் போட்டவர்களில் முன்னோடி மைக்கேல் வெஸ்ட். அவர் வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சித் துறையில் வேலை பார்த்தவர். நம்மைப் போலத் தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தில் திணறுவதை நேரில் பார்த்துத்தான் புதிய சொற்களை அளந்து அளந்து கொடுக்கும் வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்ற பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். அதன் புதிய வடிவம் 2013இல் வந்தது. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, விட்டுப்போன சொல் இருக்கிறதா என்று சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அட்டைகள்

ஆங்கி என்ற செயலி ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம். கேள்வியும் விடையுமாக நாம் எழுதி வைக்கும் அட்டைகளை மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று அதுவாகவே வைத்திருக்கும், அதை உடனே ஐந்தாகக் குறையுங்கள். நான் குறைக்காமல் விட்டு, தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்து திறந்தபோது அட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன, இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அட்டையில் தனிச் சொல்லைப் போடாதீர்கள். வாக்கியத்தைப் போட்டு அந்தச் சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். போன் கையில் இருந்தால் கவனம் சிதறும் என்பவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளுங்கள், தடித்த தாள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மூன்று டப்பா வையுங்கள்: தினமும், மூன்று நாளைக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்கு, தப்பினால் முதல் டப்பாவுக்கே திரும்பும்.

ஐந்தாம் படி: வாக்கியத்தைப் பிரிப்பது

எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்பவர்களுக்கு இது. ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்வோம்:

'த ஃபார்மர்ஸ் பெய்டு லாஸ்ட் மன்த் ஹேவ் க்ளியர்டு தெயர் லோன்ஸ்.'

விவசாயிகள் போன மாதம் பணம் கட்டினார்கள் என்று ஆரம்பித்தால் ஹேவ் வந்ததும் முட்டும். உண்மையில் அது 'போன மாதம் பணம் பெற்ற விவசாயிகள் கடனை அடைத்துவிட்டார்கள்'. தமிழில் அடைமொழி முன்னால் வந்துவிடும்: பணம் பெற்ற விவசாயிகள். ஆங்கிலத்தில் ஆளை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுவார்கள், 'ஹூ வேர்' என்று ஒட்டவேண்டிய இரண்டு சொற்களையும் பல நேரம் விட்டுவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: பென்சிலை எடுத்து வினைச்சொற்களைச் சுழியுங்கள். நடுவில் அண்ட், பட் எதுவும் இல்லாமல் இரண்டு வினை வந்தால் அதில் ஒன்று வெறும் அடைமொழி, பெரும்பாலும் முதலாவது. அந்தத் துண்டை அடைப்புக்குள் போட்டு மறைத்துவிட்டுப் படியுங்கள். விவசாயிகள் கடனை அடைத்துவிட்டார்கள். எலும்பு கிடைத்துவிட்டது, இப்போது அடைப்பைத் திறந்து விவரத்தைச் சேருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நீண்ட வாக்கியங்களை இப்படிப் பிரித்தால் போதும். எனக்கு ஆறு வாரத்தில் பென்சில் தேவைப்படவில்லை.

'இல்லை' என்ற சொல்லே இல்லாமல் மறுக்கும் இடங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'டூ டயர்டு டு வாக்' என்றால் நடக்க முடியாத அளவு களைப்பு. 'ஃபார் ஃப்ரம் ஓவர்' என்றால் முடியவே இல்லை. ஹார்ட்லி என்பதற்கும் கடின உழைப்புக்கும் சம்பந்தமே கிடையாது, அது 'அநேகமாக இல்லை'.

படித்து முடித்ததும் பத்தியை மூடிவிட்டு வீட்டில் யாரிடமாவது தமிழில் இரண்டு வரியில் சொல்லுங்கள். 'ஆங்கிலத்திலேயே யோசி, தமிழுக்குப் போகாதே' என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள், பேசப் பழகுவதற்கு அது சரியாக இருக்கலாம், புரிந்ததா என்று பார்க்கத் தாய்மொழியைவிட நல்ல உரைகல் இல்லை. நான் அம்மாவிடம் சொல்வேன். 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?' என்று அம்மா ஒரு கேள்வி கேட்டதும் எனக்குப் புரியாமல் விட்ட இடம் எது என்று தெரிந்துவிடும்.

நேரக் கணக்கு கடைசியில். வங்கி முதல்நிலைத் தேர்வுகள் பலவற்றில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். முதல் மூன்று மாதம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், புரிதல் வந்தால் வேகம் பின்னாலேயே வரும்.

பிற்சேர்க்கை 1: 'கால்ட் த மீட்டிங் ஆஃப்' என்ற வரியில் கால் என்பதைத் தேடினேன், கூப்பிடுவது என்றுதான் வருகிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். வினைக்குப் பின்னால் ஆஃப், அப், அவுட், இன்டு இருக்கிறதா என்று நாலைந்து சொல் தள்ளியும் பாருங்கள். இருந்தால் இரண்டையும் சேர்த்து 'கால் ஆஃப்' என்று தேட வேண்டும், கூட்டத்தை ரத்து செய்தார்கள் என்று வரும். இவையும் தெரிந்த சொற்கள்தான், ஆகவே நாற்பது பக்க நோட்டில் இவற்றுக்குத் தனியாகப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள்.

பிற்சேர்க்கை 2: வெளிநாட்டு வேலைக்காக ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் செவிலியர் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். வாசிப்புப் பகுதியில் ஒரு கூற்றைக் கொடுத்து, பத்தியின்படி அது சரியா, தப்பா ('ஃபால்ஸ்'), அல்லது பத்தி அதைப் பற்றிச் சொல்லவே இல்லையா ('நாட் கிவன்') என்று கேட்பார்கள், கடைசி இரண்டுக்கும் இடையில் தினமும் தடுமாறுகிறாராம். மூன்று பத்தி, 40 கேள்வி, 60 நிமிடம், அதில் இந்த வகைக் கேள்விதான் பலரைப் படுத்துகிறது. அவர் அனுப்பிய விடைகளைப் பார்த்தேன். மருத்துவம் பற்றிய பத்திகளில்தான் அதிகம் தப்புச் செய்திருந்தார், ஏனென்றால் அவருக்கு அந்த விஷயம் தெரியும், பத்தியில் சொல்லாததையும் தன் அனுபவத்திலிருந்து நிரப்பிவிடுகிறார். சகோதரி, விடை எழுதும் முன் பத்தியின் மேல் விரலை வையுங்கள். கேள்வியில் உள்ளதை மறுக்கும் வரி விரலுக்கு அடியில் இருந்தால் ஃபால்ஸ். விரல் வைக்க இடமே கிடைக்கவில்லை என்றால் நாட் கிவன்.